வென்ற படை ஏன் கலைக்கப்பட்டது? பிரிட்டனின் விமான எதிர்ப்புக் கட்டளையகம், 1939–1955

2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நடந்த நாள்களில், எல்லையோர ஊர்களை நோக்கி வந்த ட்ரோன்களை வீழ்த்துவதில் எல்-70 என்ற பீரங்கியும் பயன்பட்டது. எஸ்-400, ஆகாஷ் போன்ற ஏவுகணை அமைப்புகளின் பெயர்களோடு இந்தப் பழைய பீரங்கியின் பெயரும் செய்திகளில் இடம்பெற்றபோது, ஏவுகணைகள் கோலோச்சும் காலத்தில் குழல் பீரங்கிக்கு இன்னும் என்ன வேலை என்ற கேள்வி வாசகர்கள் பலருக்கும் எழுந்தது. எல்-70 சுவீடனின் போஃபர்ஸ் நிறுவனம் வடிவமைத்தது. 1980-களின் இறுதியில் இந்திய அரசியலை உலுக்கிய போஃபர்ஸ் பீரங்கி தரை இலக்குகளைத் தாக்கும் 155 மி.மீ. ஹோவிட்சர், அதுவும் இதுவும் ஒன்றல்ல. எல்-70-இன் குழல் விட்டம் 40 மி.மீ. மட்டுமே. வானத்தை நோக்கிச் சுடுவதற்கென்றே உருவானது அது.

எல்-70-க்கு முந்தைய தலைமுறையான 40 மி.மீ. போஃபர்ஸ் பீரங்கியை இரண்டாம் உலகப் போரில் பெருமளவில் பயன்படுத்திய அமைப்புகளில் ஒன்று பிரிட்டனின் விமான எதிர்ப்புக் கட்டளையகம். ஆங்கிலப் பெயரைச் சுருக்கி ஏஏ கமாண்ட் என்பார்கள். 1939-இல் உருவாகி, 1944-இல் தன் திறமையின் உச்சத்தை எட்டி, அடுத்த 11 ஆண்டுகளுக்குள் முற்றாகக் கலைக்கப்பட்ட அமைப்பு அது. தோற்றுப்போனதால் அது கலைக்கப்படவில்லை. பீரங்கிகள் அன்று ஏன் ஓரங்கட்டப்பட்டன, இன்று ஏன் திரும்பி வருகின்றன என்ற இரண்டு கேள்விகளுக்கும் இந்த ஒரே வரலாற்றில் விடை இருக்கிறது.

## முதலில் சில சொற்கள்

1. கனரகப் பீரங்கி, இலகுரகப் பீரங்கி: உயரத்தில் பறக்கும் விமானங்களைச் சுடுவது கனரகப் பீரங்கி. பிரிட்டனின் முதன்மையான கனரகப் பீரங்கி 3.7 அங்குலக் குழல் கொண்டது. அதிலிருந்து சுடப்படும் வெடிகுண்டான ஷெல் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12.7 கிலோ எடை இருந்தது. தாழப் பறந்து வரும் விமானங்களை விரைவாகத் தொடர்ந்து சுடுவது இலகுரகப் பீரங்கி. 40 மி.மீ. போஃபர்ஸ் இந்த வகை.

2. பேட்டரி: இங்கே இது மின்கலத்தைக் குறிப்பதன்று. ஓர் அலகாகச் சேர்ந்து இயங்கும் பீரங்கிகளும் அவற்றை இயக்குவோரும் அடங்கிய தொகுதியே பேட்டரி. பல பேட்டரிகள் சேர்ந்தது ரெஜிமென்ட்.

3. கட்டளையகம்: நாடு முழுவதும் பரவியுள்ள ரெஜிமென்ட்களை ஒரே தலைமையின் கீழ்க் கொண்டுவரும் அமைப்பு.

4. ஃபியூஸ்: ஷெல் எப்போது வெடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும், அதன் மூக்குப் பகுதியில் உள்ள சாதனம். வீட்டு மின்சுற்றில் உள்ள ஃபியூஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

5. கசிவு: தாக்க வரும் விமானங்களில் எத்தனை பங்கு பாதுகாப்பைத் தாண்டி உள்ளே நுழைந்துவிடுகிறது என்பதை இக்கட்டுரை முழுவதும் இந்தச் சொல்லால் குறிப்பிடுகிறேன். கட்டளையகத்தின் தலைவிதியை முடிவு செய்தது இந்த ஓர் எண்தான்.

## வானத்தைச் சுடுவது ஏன் கடினம்

பறக்கும் விமானத்தைப் பார்த்துச் சுட்டால் அது படாது. 400 கி.மீ. வேகத்தில் ஒரு விமானம் ஆறு, ஏழு கி.மீ. தொலைவில் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பீரங்கியிலிருந்து கிளம்பிய ஷெல் அந்தத் தொலைவை எட்ட ஏறத்தாழ 20 விநாடிகள் ஆகும். அந்த 20 விநாடிகளில் விமானம் 2.2 கி.மீ. நகர்ந்துவிடும். ஆகவே, விமானம் இப்போது எங்கே இருக்கிறது என்பது பீரங்கிக்காரருக்குப் பயன்படாது. இன்னும் 20 விநாடி கழித்து எங்கே இருக்கும் என்பதுதான் தேவை. இந்தக் கணக்கைப் போடுவதற்கென்றே பிரெடிக்டர் என்ற இயந்திரக் கணிப்பான் இருந்தது. விமானத்தின் திசை, உயரம், வேகம் ஆகியவற்றை அதற்குக் கொடுத்தால், குழலை எங்கே திருப்ப வேண்டும், எத்தனை விநாடியில் ஷெல் வெடிக்க வேண்டும் என்பதை அது சொல்லும்.

இதில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. முதலாவது, விமானி நேர்கோட்டில் ஒரே வேகத்தில் பறந்தால்தான் கணிப்பு சரியாக இருக்கும். அவர் சற்றே வளைந்தால் எல்லாக் கணக்கும் வீண். இரண்டாவது, ஃபியூஸின் நேரத்தைக் கையால் திருகி வைக்க வேண்டும். அரை விநாடி பிசகினாலும் ஷெல் இலக்கைவிட்டு நூறு மீட்டருக்கு மேல் தள்ளி வெடிக்கும். அதன் சிதறல் ஒரு விமானத்தைச் சேதப்படுத்தக்கூடிய தொலைவோ சில பத்து அடிகள்தான்.

இரவு நேரத்தில் நிலைமை இன்னும் மோசம். விமானத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய கொம்புகள் போன்ற ஒலி வாங்கிகளைத்தான் தொடக்கத்தில் நம்பியிருந்தார்கள். ஆறு கி.மீ. தொலைவிலிருந்து ஒலி வந்து சேரவே 17 விநாடிக்கு மேல் ஆகும். காதில் விழும் இரைச்சல், விமானம் விட்டுச் சென்ற இடத்திலிருந்து வந்தது. ஷெல் போய்ச்சேர ஆகும் நேரத்தையும் இதனோடு கூட்டினால், தரையில் இருப்பவரின் கணிப்பு வானத்தில் நடப்பதைவிட ஏறத்தாழ 40 விநாடி பின்தங்கியிருந்தது.

## 1939: அரைகுறை ஆயுதங்களோடு ஒரு தொடக்கம்

1932 நவம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசிய முன்னாள் பிரதமர் ஸ்டான்லி பால்ட்வின், குண்டுவீச்சு விமானம் எப்படியும் ஊடுருவி வந்துவிடும் என்று எச்சரித்தார். அன்றைய தொழில்நுட்பத்தை அறிந்தவர்களின் பொதுக் கருத்தும் அதுவே. ஜெர்மனி ஆயுதம் பெருக்கத் தொடங்கியதும் நிலைமை அவசரமாயிற்று. டெரிட்டோரியல் ஆர்மி எனப்படும் பகுதி நேரப் படையில் இருந்த ரெஜிமென்ட்கள் விமான எதிர்ப்புப் பணிக்கு மாற்றப்பட்டன. பகலில் அலுவலகத்திலும் ஆலையிலும் வேலை செய்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வந்தவர்கள் இவற்றில் இருந்தார்கள். இந்த ரெஜிமென்ட்களையெல்லாம் ஒன்றாக்கி 1939 ஏப்ரல் 1 அன்று விமான எதிர்ப்புக் கட்டளையகம் அமைக்கப்பட்டது.

முதல் தளபதி ஆலன் புரூக். சில மாதங்களில் அவர் வேறு பொறுப்புக்குச் செல்ல, 1939 ஜூலையில் ஃபிரெடரிக் பைல் தளபதியானார். போர் முடியும் தறுவாய் வரை, 1945 வரை, அவரே அந்தப் பொறுப்பில் நீடித்தார். அந்தப் போரில் பிரிட்டிஷ் தளபதி ஒருவர் இப்படி ஒரே பொறுப்பில் தொடர்ந்தது அபூர்வம். கட்டளையகம் தரைப்படையைச் சேர்ந்தது. ஆனால் எப்போது சுடுவது, எப்போது நிறுத்துவது என்ற செயல்பாட்டு ஆணை விமானப்படையின் போர்விமானப் பிரிவிடம் இருந்தது. இரண்டின் தலைமையகங்களும் லண்டனின் வடமேற்கே ஸ்டான்மோரில் அருகருகே இருந்தன. சொந்தப் போர்விமானங்களைத் தவறிச் சுட்டுவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு அவசியம். இதன் விளைவு 1944-இல் தெரியவரும்.

போர் தொடங்கியபோது அனுமதிக்கப்பட்டிருந்த கனரகப் பீரங்கிகள் 2,232. கையில் இருந்தவை 695. அவற்றிலும் பல, முதல் உலகப் போர்க் காலத்து 3 அங்குலப் பீரங்கிகள். இலகுரகப் பீரங்கிகள் 253.

## லண்டனின் இரவுகளும் ஒரு இயற்பியலாளரும்

1940 செப்டம்பர் 7 அன்று லண்டன் மீது ஜெர்மனியின் பெரும் வான்தாக்குதல் தொடங்கியது. முதல் சில இரவுகளில் நகரத்தின் பீரங்கிகள் பெரும்பாலும் மௌனமாகவே இருந்தன. இலக்கு உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே சுட வேண்டும் என்பது விதி, இருளில் எந்த இலக்கும் உறுதியாகத் தெரியவில்லை. வீடிழந்த மக்கள் நம் பீரங்கிகள் எங்கே என்று கேட்டார்கள். பைல் மற்ற நகரங்களிலிருந்து பீரங்கிகளைத் திரட்டி, 48 மணி நேரத்தில் லண்டனின் கனரகப் பீரங்கிகளை 92-இலிருந்து 203-ஆக உயர்த்தினார். செப்டம்பர் 11 இரவு, கணிப்பைப் பற்றிக் கவலைப்படாமல் எல்லாப் பீரங்கிகளும் சுடலாம் என்று ஆணையிட்டார்.

இராணுவக் கணக்கில் அந்த இரவு பெரும் விரயம். அந்த மாதம் முழுவதையும் கணக்கிட்டால், வீழ்த்தியதாகச் சொல்லப்பட்ட ஒவ்வொரு விமானத்துக்கும் ஏறத்தாழ 20,000 ஷெல்கள் செலவாகியிருந்தன. மேலே வெடித்த ஷெல்களின் சிதறல் வீட்டுக் கூரைகளிலும் தெருக்களிலும் மழைபோல் விழுந்தது. அதில் அடிபட்டவர்களும் உண்டு. இருந்தும் மறுநாள் காலை லண்டன்வாசிகளின் முகம் மாறியிருந்தது என்று அக்காலத்தவர் பலரும் பதிவு செய்திருக்கிறார்கள். விமானிகளும் உயரத்தைக் கூட்டிப் பறக்க நேர்ந்தது. பைலின் முடிவு சரியானது என்றே நான் கருதுகிறேன்: தாக்கப்படும் நகரத்தில், எதிர்த்து எழும் ஓசைக்கும் ஒரு தற்காப்பு மதிப்பு உண்டு. ஆனால் ஓசையை மட்டும் வைத்து ஓர் ஆண்டு தாக்குப்பிடிக்க முடியாது.

அந்த இடைவெளியை நிரப்ப வந்தவர் பேட்ரிக் பிளாக்கெட். பின்னாளில், 1948-இல், இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவின் பாதுகாப்புத் துறைக்கு நேருவின் அழைப்பின் பேரில் ஆலோசனை வழங்கியவரும் இவரே. 1940-இல் பைலின் அறிவியல் ஆலோசகராகச் சேர்ந்த பிளாக்கெட், உடலியலாளர், கணிதவியலாளர், இயற்பியலாளர் என்று பல துறையினரைச் சேர்த்து ஒரு சிறு குழு அமைத்தார். பிளாக்கெட்டின் சர்க்கஸ் என்று அதைப் படையினர் அழைத்தார்கள். போர்க்களத்தில் நடப்பதை எண்களாக்கி ஆராயும் செயல்பாட்டு ஆய்வு என்ற துறை வளர்ந்த இடங்களில் இதுவும் ஒன்று.

அவர்கள் தீர்த்த ஒரு புதிரைக் கிட்டே நின்று பார்ப்பது பயன் தரும். கடற்கரையில் இருந்த பேட்டரிகள் ஒரு விமானத்தை வீழ்த்தச் செலவிட்ட ஷெல்கள், உள்நாட்டு பேட்டரிகள் செலவிட்டதில் பாதிதான் என்று அறிக்கைகள் காட்டின. கடல்மேல் ரேடார் தெளிவாக வேலை செய்கிறதா, அங்கே விமானங்கள் நேராகப் பறக்கின்றனவா என்று பல காரணங்கள் யோசிக்கப்பட்டன. உண்மைக் காரணம் எளிமையானது. உள்நாட்டில் ஒரு விமானம் விழுந்தால் சிதைவுகளைத் தேடிப் பார்த்து உறுதி செய்தார்கள். கடலில் விழுந்ததாகச் சொன்னால் சரிபார்க்க வழியில்லை. கடற்கரைப் பேட்டரிகள் கூடுதலாக வீழ்த்தவில்லை, கூடுதலாகக் கணக்குக் காட்டியிருந்தன. இன்றும் எந்தப் போரிலும் ஒரு தரப்பு இத்தனை ட்ரோன்களை வீழ்த்தினோம் என்று அறிவிக்கும்போது, சிதைவுகள் எங்கே விழுந்தன, யார் எண்ணினார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு காட்சி, ரேடாரைப் பற்றியது. பீரங்கிகளுக்கென வந்த முதல் ரேடார் விமானத்தின் தொலைவையும் திசையையும் சொன்னது, உயரத்தைச் சொல்லவில்லை. உயரக் கோணத்தை அளக்கும் இணைப்பு ஒன்று சேர்க்கப்பட்டபோது புதிய தொல்லை எழுந்தது: சுற்றியுள்ள மேடுபள்ளமான தரையில் பட்டுத் திரும்பும் அலைகள் அளவீட்டைக் குழப்பின. தீர்வாக, ஒவ்வொரு ரேடாரையும் சுற்றி ஏறத்தாழ 120 மீட்டர் அகலத்துக்குக் கம்பி வலையைத் தரைக்குச் சற்று மேலே சமதளமாக இழுத்துக் கட்டினார்கள். கோழிக்கூண்டுக்குப் பயன்படும் அதே வலைதான். நாட்டின் கையிருப்பையே காலி செய்யும் அளவுக்கு அது தேவைப்பட்டது. பனியிலும் சேற்றிலும் நின்று முளைகளை அறைந்து, வலைச் சுருள்களை விரித்து, ஒன்றோடொன்று முடிந்து கட்டிய அந்த வேலைக்குப் பலன் கிடைத்தது: 1941 பிப்ரவரியில் ஒரு விமானத்துக்கான ஷெல் செலவு ஏறத்தாழ 3,000-ஆகக் குறைந்தது.

## பீரங்கி முனையில் பெண்கள்

பீரங்கிகள் பெருகப் பெருக ஆள் போதவில்லை. உடல் வலுவுள்ள ஆண்களை வெளிநாட்டுக் களங்கள் இழுத்துக்கொண்டன. 1938-லேயே பைல், காரலின் ஹேஸ்லெட் என்ற பெண் பொறியாளரை அழைத்துவந்து, இந்தக் கருவிகளைப் பெண்கள் இயக்க முடியுமா என்று ஆராயச் சொல்லியிருந்தார். முடியும் என்பதே அவர் தந்த பதில். 1941 ஆகஸ்டில் லண்டனின் ரிச்மண்ட் பூங்காவில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து பணியாற்றும் முதல் கலப்பு பேட்டரி செயல்பாட்டுக்கு வந்தது. ரேடார், பிரெடிக்டர், உயரமானி, தொலைபேசி அனைத்தும் பெண்கள் கையில். ஷெல்லை ஏற்றிச் சுடுவது மட்டும் ஆண்கள் கையில். இலக்கைக் கண்டுபிடித்து, கணக்குப் போட்டு, குழல் எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்லும் வேலை பெண்களுடையது என்றாலும், சட்டத்தின் பார்வையில் அவர்கள் போரிடுபவர்கள் அல்லர். இந்த முரண்பாட்டை அன்றைய அரசு தீர்க்கவே இல்லை. எதிரி விமானம் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை: 1942 ஏப்ரலில் பிரெடிக்டரில் பணியில் இருந்தபோதே நோரா கேவனி என்ற இளம் பெண் குண்டுச் சிதறலால் உயிரிழந்தார். 1943-இல் 50,000-க்கும் அதிகமான பெண்கள் கட்டளையகத்தில் இருந்தார்கள். பிரதமர் சர்ச்சிலின் மகள் மேரியும் அவர்களில் ஒருவர்.

பீரங்கிகளுக்குத் துணையாக ராக்கெட் பேட்டரிகளும் வந்தன. அவற்றை ஊர்க்காவல் தொண்டர்கள் இயக்கினார்கள். 1943 மார்ச் 3 அன்று கிழக்கு லண்டனில் விக்டோரியா பூங்காவிலிருந்து இந்த ராக்கெட்டுகள் ஏவப்பட்டபோது, அதுவரை கேட்டிராத அந்த ஓசையில் பதறிய கூட்டம் பெத்னல் கிரீன் சுரங்க நிலையத்தின் படிகளில் நெரிசலில் சிக்கி 173 பேர் இறந்தார்கள். அன்றிரவு அந்தப் பகுதியில் ஒரு குண்டும் விழவில்லை.

## 1944 கோடை: பீரங்கியின் உச்சம்

1944 ஜூன் 13 அன்று ஜெர்மனி ஏவிய முதல் வி-1 லண்டனை எட்டியது. 850 கிலோ வெடிமருந்தைச் சுமந்துகொண்டு, ஆளில்லாமல், ஏறத்தாழ 600 கி.மீ. வேகத்தில் 600 முதல் 900 மீட்டர் உயரத்தில் பறந்து வந்த சிறு ஜெட் ஊர்தி அது. இன்றைய தாக்குதல் ட்ரோன்களின் மூதாதை என்றே அதைச் சொல்லலாம். பீரங்கிக்காரருக்கு அந்த உயரம் இரண்டுங்கெட்டான்: இலகுரகப் பீரங்கிக்குச் சற்று அதிகம், கனரகப் பீரங்கிக்கோ, தலைக்கு மேல் விருட்டென்று கடந்துபோகும் பொருளைக் கையால் சுழற்றிப் பின்தொடர முடியாத அளவுக்குத் தாழ்வு. ஆனால் ஒரு நன்மையும் இருந்தது. வி-1 வளையாது, பயப்படாது, நேர்கோட்டில் ஒரே வேகத்தில் வரும். பிரெடிக்டர் இத்தனை ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த இலக்கு அதுவே.

அந்தச் சமயத்தில் மூன்று கருவிகள் ஒன்றுசேர்ந்தன.

1. அமெரிக்காவின் எஸ்சிஆர்-584 ரேடார். இலக்கை ஒருமுறை பிடித்துக்கொண்டால் தானாகவே பின்தொடரும். கோழிவலை தேவையில்லை.

2. பெல் ஆய்வகம் உருவாக்கிய மின்னணுப் பிரெடிக்டர். ரேடார் சொல்வதை நேரடியாக வாங்கிக் கணக்கிட்டு, மின்விசையால் சுழலும் பீரங்கிகளைத் தானே திருப்பும்.

3. அருகுணர் ஃபியூஸ். ஷெல்லின் மூக்கில் பொருத்தப்பட்ட சிறு வானொலிக் கருவி இது. இலக்கின் அருகே வந்ததும் திரும்பிவரும் அலையை உணர்ந்து தானாக வெடிக்கும். நேரத்தைத் திருகி வைக்கும் வேலையும் அதன் பிழையும் இதோடு ஒழிந்தன. இந்த யோசனை பிரிட்டனில் முளைத்து, 1940-இல் பிரிட்டனின் அறிவியல் ரகசியங்களைப் பகிரச் சென்ற டிசார்ட் தூதுக்குழுவோடு அமெரிக்கா சென்று, அங்கே உற்பத்தி வடிவம் பெற்றது.

கருவிகள் வந்தும் இடம் தவறாக இருந்தது. பீரங்கிகள் லண்டனுக்குத் தெற்கே நார்த் டவுன்ஸ் குன்றுகளில் நின்றன. அவற்றுக்கு முன்னால் போர்விமானங்கள் வேட்டையாடின. விமானம் துரத்தி வந்தால் பீரங்கி நிறுத்த வேண்டும். பீரங்கி சுட்டால் விமானம் விலக வேண்டும். வெடிக்காத அருகுணர் ஷெல்கள் ஊர்கள்மேல் விழும் அபாயம் வேறு. ஜூலை 13 அன்று வான் பாதுகாப்புத் தளபதி ரோடெரிக் ஹில், பைலின் முழு ஒப்புதலோடு, எல்லாப் பீரங்கிகளையும் கடற்கரைக்கே நகர்த்த முடிவெடுத்தார். மேலிடத்தின் முன் அனுமதியை அவர் கேட்கவில்லை. விமானப்படை அமைச்சகம் அதற்காக அவரைக் கடிந்துகொண்டது.

நூற்றுக்கணக்கான பீரங்கிகளும் 23,000 ஆண்களும் பெண்களும் இடம்பெயர்ந்தார்கள். ஜூலை 17 விடியலில் கனரகப் பீரங்கிகள் செயின்ட் மார்கரெட்ஸ் விரிகுடா முதல் குக்மியர் முகத்துவாரம் வரை கடலைப் பார்த்து நின்றன. மின்விசையால் சுழலும் நிலையான பீரங்கிகளுக்குக் கான்கிரீட் தளம் வேண்டும். அதைக் கட்ட நேரமில்லை. பழைய ரயில் தண்டவாளங்களையும் ஸ்லீப்பர் கட்டைகளையும் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்து, அதன்மேல் பீரங்கியைப் பொருத்தினார்கள். பைல் மெத்தை என்று அதற்குப் பெயர் விழுந்தது.

இடம் மாறிய முதல் வாரத்தில், பீரங்கி வரிசைக்குள் வந்த வி-1-களில் 17 சதவீதம் வீழ்ந்தன. தாக்குதலின் முதற்கட்டம் முடிந்த வாரத்தில் 74 சதவீதம். ஆகஸ்ட் 28 அன்று வந்த 90-க்கும் மேற்பட்டவற்றில் லண்டனை எட்டியவை 4 மட்டுமே. மற்றவற்றைப் பீரங்கிகளும் போர்விமானங்களும் தடுப்பு பலூன்களும் பங்குபோட்டுக்கொண்டன. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு விமானத்துக்கு 20,000 ஷெல்களைச் செலவிட்ட அதே அமைப்பு இது. நான் படித்த வரையில், ஒரு படைப்பிரிவு தன் அடிப்படைச் சிக்கலை இவ்வளவு முழுமையாகத் தீர்த்ததற்கு இணையாகச் சொல்லக்கூடிய எடுத்துக்காட்டுகள் மிகக் குறைவு.

## கணக்கு எங்கே மாறியது

இவ்வளவு வென்ற அமைப்பை ஏன் கலைத்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, கசிவு என்ற சொல்லுக்குத் திரும்ப வேண்டும்.

1. சாதாரணக் குண்டுகளின் காலத்தில் தற்காப்பு முழுமையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. 100 விமானங்கள் கொண்ட ஒரு படை ஒவ்வொரு தாக்குதலிலும் 5 சதவீதத்தை இழந்தால், 20 தாக்குதல்களுக்குப் பிறகு அதில் 36 விமானங்களே மிஞ்சும். அதாவது 95 சதவீதக் கசிவை அனுமதிக்கும் தற்காப்புகூட, காலப்போக்கில் எதிரியை முடக்கிவிடும். தேய்மானம் தற்காப்பாளரின் பக்கம் வேலை செய்கிறது.

2. வி-1-க்கு இந்தத் தேய்மானம் பொருந்தாது. ஒவ்வொன்றும் ஒருமுறைதான் வரும். ஆனாலும் ஒன்று தப்பி வந்தால் சேதம் ஒரு தெருவோடு நிற்கும். ஏவப்பட்ட ஏறத்தாழ 10,500 வி-1-களில் லண்டனை எட்டியவை 2,419. பிரிட்டனில் இறந்தவர்கள் 6,000-க்கும் மேல். பெருந்துயரம்தான், ஆயினும் நகரம் நிலைத்து நின்றது.

3. ஹிரோஷிமாவுக்குப் பிறகு இந்த எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். லண்டனில் விழுந்த 2,419 வி-1-களும் சுமந்த வெடிமருந்து மொத்தம் ஏறத்தாழ 2,000 டன். ஹிரோஷிமாவில் விழுந்த ஒற்றைக் குண்டின் ஆற்றல் ஏறத்தாழ 15,000 டன் டிஎன்டிக்குச் சமம்: மாதக்கணக்கில் நடந்த ஒரு படையெடுப்பு முழுவதையும்போல் ஏழு மடங்கு, ஒரே விமானத்தில்.

4. 1949 ஆகஸ்டில் சோவியத் யூனியன் அணுகுண்டைச் சோதித்தது. 1954 மார்ச் 1 அன்று அமெரிக்கா பிகினி தீவில் வெடித்த ஹைட்ரஜன் குண்டின் ஆற்றல் 15 மெகாடன், அதாவது ஹிரோஷிமாவைப்போல் ஆயிரம் மடங்கு. இப்போது 90 சதவீதத்தை வீழ்த்தும் தற்காப்பும் தோல்விதான். 20 விமானங்களில் 18-ஐ வீழ்த்தினாலும், மிஞ்சிய இரண்டு போதும்.

இலக்கும் மாறிவிட்டது. 1950-களின் ஜெட் குண்டுவீச்சு விமானங்கள் 12 கி.மீ.க்கு மேல், மணிக்கு 900 கி.மீ.யைத் தாண்டிய வேகத்தில் பறந்தன. 3.7 அங்குலப் பீரங்கிகள் அந்த உயரத்தில் பயன்படவில்லை. இன்னும் பெரிய பீரங்கிகளால் எட்ட முடிந்தாலும், ஷெல் மேலே போய்ச் சேருவதற்குள் விமானம் எட்டு கி.மீ. போலக் கடந்திருக்கும், அருகுணர் ஃபியூஸ் நேரப் பிழையைத் தீர்க்குமே தவிர, திரும்பி வளையும் விமானியின் மனத்தைப் படிக்காது. ஏவப்பட்ட பிறகும் பாதையைத் திருத்திக்கொள்ளும் ஆயுதம் தேவைப்பட்டது. அதாவது வழிநடத்து ஏவுகணை.

## 1955 மார்ச் 10

1954 டிசம்பர் 1 அன்று பாதுகாப்பு அமைச்சர் ஹரால்டு மேக்மில்லன், விமான எதிர்ப்புக் கட்டளையகம் கலைக்கப்படும் என்று அறிவித்தார். 1955 மார்ச் 10 அன்று அது நடைமுறைக்கு வந்தது. பல ரெஜிமென்ட்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. சில வேறு படைப்பிரிவுகளாக மாற்றப்பட்டன. மற்றவை பெயரோடு மறைந்தன. களத்தில் படையோடு நகரும் இலகுரகப் பீரங்கிகள் தரைப்படையில் தொடர்ந்தன. நாட்டின் நகரங்களைக் காக்கும் பணியிலிருந்து மட்டும் பீரங்கி விலகியது. சிவப்புச் சதுரத்தில் வானத்தை நோக்கி நாணேற்றிய கருப்பு வில்லும் அம்பும், இதுவே கட்டளையகத்தின் தோள்சின்னம். அதைப் பெருமையோடு அணிந்திருந்த பகுதி நேரப் படையினர் பலருக்கு அந்த மார்ச் மாதம் ஓர் இழப்பாகவே இருந்தது.

காலி இடத்தை ஏவுகணைகள் உடனே நிரப்பவில்லை. விமானப்படையின் பிளட்ஹவுண்ட் 1958-இலும் தரைப்படையின் தண்டர்பேர்ட் 1959-இலும்தான் வந்தன. நடுவில் சில ஆண்டுகள் பிரிட்டிஷ் வானத்தைப் போர்விமானங்கள் மட்டுமே காத்தன. ஆபத்தான இடைவெளி என்று இதைக் குறை கூறுவோர் உண்டு. பயன்படாது என்று தெரிந்த தற்காப்புக்கு ஆயிரக்கணக்கானோரின் மாலை நேரங்களைச் செலவிடுவது மக்களுக்குப் பொய்யான நம்பிக்கை தருவதாகும் என்ற எதிர்வாதமே எனக்கு வலுவாகத் தோன்றுகிறது.

அமெரிக்காவும் இதே பாதையில் வந்தது. நகரங்களைச் சுற்றி நைக் ஏவுகணைத் தளங்களை அமைத்த அதன் தரைப்படை வான் பாதுகாப்புக் கட்டளையகம், கசிவை அடைக்க ஏவுகணையின் முனையிலேயே அணு வெடிப்பொருளை வைக்கும் அளவுக்குப் போனது. தாக்க வருவது விமானமாக இல்லாமல் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையாக மாறியதும் அதுவும் பொருளிழந்து, 1975-இல் கலைக்கப்பட்டது.

## பீரங்கி இன்று ஏன் திரும்பி வருகிறது

ஜெர்மனி 2012-க்குள் தன் தரைப்படையின் விமான எதிர்ப்புப் பிரிவைக் கலைத்து, கெபார்ட் என்ற 35 மி.மீ. பீரங்கி வண்டிகளைக் கிடங்குக்கு அனுப்பியது. 2022-இல் அதே வண்டிகள் உக்ரைனுக்குப் போய், ரஷ்யா ஏவிய ஷாஹெத் ட்ரோன்களை வீழ்த்தத் தொடங்கின. ஷாஹெத்தின் வேகம் மணிக்கு 200 கி.மீ.க்கும் குறைவு, சுமக்கும் வெடிபொருள் 50 கிலோ அளவில். வி-1-ஐவிட மெதுவாகவும் பலவீனமாகவும் வரும் இலக்கு அது. எண்ணிக்கையில் மட்டும் அதிகம். ஒவ்வொன்றுக்கும் விலை உயர்ந்த ஏவுகணையைச் செலவிட்டால், ட்ரோனுக்கு முன்னே ஏவுகணைக் கையிருப்பு தீர்ந்துவிடும்.

ஆக, 1955-இல் பீரங்கியை வெளியேற்றிய அதே கணக்கு இப்போது தலைகீழாக நிற்கிறது. ஒன்றிரண்டு தப்பி வந்தாலும் நாடு தாங்கும். எனவே கசிவை மீண்டும் அனுமதிக்க முடிகிறது. இலக்கு தாழவும் மெதுவாகவும் வருகிறது. எனவே ஷெல்லின் பயண நேரம் சில விநாடிகளே. இந்தியாவின் எல்-70-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் சேர்த்த மின்விசைச் சுழற்சியும், இரவிலும் இலக்கைப் பின்தொடரும் ஒளிமின் கருவியும் 1944-இல் கடற்கரைப் பீரங்கிகளுக்குக் கிடைத்தவற்றின் இன்றைய வடிவங்கள்தாம்.

பழைய வரம்பு ஒன்று மட்டும் மாறவில்லை. 40 மி.மீ. பீரங்கியின் பயனுள்ள வீச்சு நான்கு கி.மீ. அளவே. ஒரு நகரத்தையோ மின்நிலையத்தையோ கோயிலையோ காக்க வேண்டுமானால் ஒவ்வொன்றையும் சுற்றிப் பீரங்கிகளை நிறுத்த வேண்டும். எதைச் சுற்றி நிறுத்துவது, எதை விடுவது என்று யாரோ ஒருவர் முடிவெடுக்க வேண்டும். 1940 செப்டம்பரில் லண்டனுக்காக மற்ற நகரங்களின் பீரங்கிகளைப் பைல் பிடுங்கிக்கொண்டு போனபோது, அந்த நகரங்கள் எதிர்கொண்ட கேள்வியும் இதுவே. எல்லையோர மாவட்டங்களில் இன்று அந்தப் பட்டியலைத் தயாரிப்பவர்களின் மேசையிலும் அது இருக்கிறது.